ஆறு இருபதுக்கு ஆடும் கயிறு

மாலை ஆறு இருபது. காட்டுச் சாலையில் கடைசிச் சுற்றுலா வண்டியும் போய்விட்டது. கதவு பூட்டியாயிற்று. இனி அங்கே ஆற்றின் இரைச்சல்தான்... ஆளரவம் இல்லை.

நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பரின் மைத்துனனுக்கு நேர்ந்தது. அவர் மனைவியின் தம்பி, வனக்காவலன்.

பாதுகாக்கப்பட்ட காடு அது. நடுவே செங்குத்தான பள்ளத்தாக்கு, அடியில் ஆறு. பகலெல்லாம் அதன் அழகைப் படமெடுக்கக் கூட்டம் அலைமோதும். இலையைக் கிள்ளினாலும் குற்றம் என்று வாசலில் பலகை. அந்தப் பலகையின் முதுகுக்குப் பின்னால் முழு மரங்கள் லாரி ஏறின!

அக்கரைக்குப் பாலம் கிடையாது. இரும்புக் கம்பியில் தொங்கும் கூண்டு; அதை இழுக்க ஒரு கயிறு. அக்கரையில் இருப்பவன் கூண்டில் ஏறி, கயிற்றை மூன்று முறை வெட்டி இழுப்பான். உடனே இக்கரையில் இருப்பவன் கூண்டை இழுத்துச் சேர்க்கவேண்டும். ஆற்றின் மேல் ஆளைத் தொங்கவிடக் கூடாது. காவலர்களின் சட்டம் அது.

மைத்துனனோடு காவல் பார்த்தவனுக்கு நெட்டை என்று பெயர். வெட்டுண்ட மரங்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்திருந்தான். மறுநாள் அது அதிகாரியின் கைக்குப் போகும். போனால், லாரிகளுக்குக் கதவு திறந்தவன் சிறைக்குப் போவான். திறந்தவன் யார்? நம் மைத்துனன்தான். பதினோரு ஆண்டுகள் தற்காலிக வேலை! மேலிடத்தில் சொல்லி நிரந்தரமாக்கித் தருகிறேன் என்றான் மரம் கடத்துகிறவன். அந்த ஒரு சொல்லுக்கு விழுந்தான்.

அன்று மாலை ஆறு இருபதுக்கு, அக்கரைக்குப் போயிருந்த நெட்டையின் மூன்று இழுப்பு வந்தது. இழுத்தான். இக்கரையில் ஏறி இறங்கும் பலகை மேடைக்கு ஒரு முழம் இருக்கும்போது கயிற்றை முளையில் கட்டிவிட்டான்.

“என்ன மாப்ள, மத்தியானம் சாப்பிடலையா? இழுடா.”

“நோட்டைக் குடு.”

“உன் பேரு அதுல இல்லடா. நீயே வந்து சொல்லுவேன்னு விட்டு வச்சிருக்கேன்.”

“குடுன்னா குடு!”

நெட்டை தாவினான். மேடை விளிம்பைப் பற்றித் தொங்கினான். மைத்துனனின் அரிவாள் இறங்கியது. ஒரு வெட்டல்ல... மூன்று. பலகையில் விரல்கள் மிஞ்சின. கீழே, பாறையில், ஈர மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். மைத்துனன் விரல்களைக் காலால் தள்ளினான். வெறுங்கூண்டை அக்கரைக்கு அனுப்பினான். நெட்டை திரும்பவே இல்லை என்று எழுதிக் கொடுத்தான். உடல் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள். அதே ஆறு இருபது. அக்கரைக்கு யாரும் போகவில்லை.

கயிறு ஆடியது. ஒன்று... இரண்டு... மூன்று.

குரங்கு ஆட்டியிருக்கும் என்கிறாயா, தம்பி? நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஓட நினைத்தான். பதினோரு ஆண்டுகள் பழகிய கைகள் கேட்கவில்லை... இழுத்தன. கூண்டு கனத்தது. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு காலியாக வந்தது. பச்சை மரம் அறுத்த வாசனை. அடித்தளத்திலிருந்து நீர்... சொட்... சொட்... மேடைக்கு ஒரு முழத்தில் நின்றது.

ஏழு மணிக்கு மாற்று ஆள் வந்தான். மைத்துனன் கூண்டுக்குள் கிடந்தான், உயிர் இருந்தது. மேடையில் கயிற்றைப் பிடித்திருந்தவை... மணிக்கட்டோடு துண்டான அவன் கைகள் இரண்டும்.

மருத்துவமனையில் என் நண்பரிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

“அதிகாரிகிட்டயும் சொல்லிடுடா. அந்த நெட்டைக்கும் வீடு வாசல் இருக்கு.”

“சொன்னா வேலை போயிடும் அத்தான்.”

“ரெண்டு கையும் இல்ல. இன்னும் என்னடா வேலை?”

“நாளைக்குச் சொல்றேன்...”

அவன் காலில் மருந்து ஏறும் குழாய். மறுமுனையில் கம்பியில் தொங்கும் புட்டி. ஜன்னல் மூடியிருந்தது. பச்சை மரம் அறுத்த வாசனை வந்தது என்கிறார் நண்பர்.

குழாய் விறைத்தது. ஒன்று... இரண்டு... மூன்று.

கட்டுப்போட்ட மொட்டைக் கைகள் இரண்டும் மெல்ல எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக... இழுக்கத் தொடங்கின.