பெண் எலிகள் வேண்டாம் என்றார்கள்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி கொஞ்சம் ஆடும், மேடம். சுவரோரமாகச் சாய்ந்துகொண்டால் ஆடாது. என் பேத்தி யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுசெய்ய வந்திருக்கும் அதிகாரி நீங்கள். விழுந்துவைக்காதீர்கள், அப்புறம் அதற்கும் என் மகள்தான் காரணம் என்பார் மருமகன்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் மகள் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைக்குக் கை முறிந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். ஒருமுறை ஃப்ரிட்ஜ் வாங்கப் போய், குதிரையேற்றப் பயிற்சியில் சேர்ந்துவிட்டு வந்தாள். வீட்டில் ஐஸும் இல்லை, குதிரையும் இல்லை.

அவளோடு இரட்டையாகப் பிறந்த என் மகன் நேர் எதிர். ஹோட்டலில் என்ன சாப்பிடுவது என்று அவன் முடிவெடுப்பதற்குள் சமையல்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரே வயிற்றில் பிறந்து எப்படி இப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து ஆச்சரியப்படுவேன்.

நான் பணி ஓய்வு பெறும்வரை ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு குப்பை கொட்டியவள். குட்டி எலிகளுக்கு மூளையை முடுக்கிவிடும் ஊக்க மருந்து கொடுப்போம். அவை வளர்ந்த பிறகு ஒரு கூண்டில் விடுவோம். விசையை உடனே அழுத்தினால் ஓர் உருண்டை தீனி, கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் நாலு. மருந்தோடு வளர்ந்தவை பொறுக்குமா, பறக்குமா என்பதுதான் கேள்வி. எங்கள் ஆண் எலிகள் சாமியார்கள் மாதிரி பொறுத்தன. பெண் எலிகளையும் பார்க்கலாமே என்றேன்.

"அதுங்க வேணாம்மா. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும், கணக்கே குழம்பிடும்" என்றார் துறைத் தலைவர். அவர் வீட்டில் மனைவியும் மூன்று மகள்களும். பாவம், அனுபவத்தில் பேசினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மருந்தை டாக்டர்கள், கவனம் ஓரிடத்தில் நிற்காத பெண் குழந்தைகளுக்கும் எழுதித்தான் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி யோசிக்க ஒரு ஆள் வேண்டாமா? என் வீட்டில் நாலு வயதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். இருவருக்கும் எந்த நோயும் இல்லை.

தினமும் காலையில் சாக்லேட் பாலில் கலந்து கொடுத்தேன். இருவருக்கும் ஒரே அளவுதான், நான் பாரபட்சம் பார்க்கிற தாய் இல்லை.

"பசங்க ஏன் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே கிடக்குதுங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"பல்லு முளைக்குதுங்க" என்றேன்.

நாலு வயதில் என்ன பல் என்று அவருக்குத் தோன்றவில்லை. நல்ல மனிதர். இரண்டு வருடம் கழித்து மருந்தை நிறுத்திவிட்டு, அவர்கள் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விபத்து நடந்த அன்று, குழந்தையின் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே என் மகள் கேட்டாள்: "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி? வேணாம்னு நினைக்கிறதுக்குள்ள கை செஞ்சு முடிச்சிடுது. நான் கெட்டவளாம்மா?"

"இல்லடி கண்ணு, நீ கெட்டவ இல்ல" என்றேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் அவள் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும், அப்புறம் பார்ப்பதில் பயனில்லை.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையை அவளிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடாதீர்கள்.

ஆனால் உடனே அனுப்பவும் வேண்டாம். விபத்துக்குப் பிறகு குழந்தை என்னோடுதான் இருக்கிறாள், கை நன்றாகக் கூடிவருகிறது. ஒரே ஒரு பெண்ணை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, படித்தவர் நீங்கள், உங்களுக்கே தெரியும். இன்னொருத்தியாவது வேண்டும்.

ஏன் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? பேத்தி இன்னும் ஒரு வருடம் என்னிடம் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அவளுக்கு ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இப்போது பாதியில் நிறுத்தினால், அந்தப் பிஞ்சு இத்தனை இரவுகள் தூங்காமல் கிடந்தது வீணாகிவிடும், எனக்கு அதைத் தாங்கிக்கொள்ளும் மனசு இல்லை.