ஓரம் மடித்த துணி

இந்த அறை ஏசியைக் கழற்றிக் கழுவி ரொம்ப நாளாகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததுமே, ஈரம் காயாமல் மடித்து வைத்த போர்வையின் வாடை அடித்தது. போட்ட கொஞ்ச நேரம்தான் அந்த வாடை வரும், அப்புறம் மூக்குக்குப் பழகிவிடும். பழகிப்போனதை வைத்து வாடையே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பதினெட்டில் வைத்துவிட்டு மேலே மின்விசிறியையும் ஓட விட்டிருக்கிறீர்கள். காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். காற்று வருகிற பட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளி இருக்கிறது பாருங்கள், அது வெளியே தெரிகிறது என்றால் உள்ளே உருளை முழுக்கப் படர்ந்திருக்கும். ஃபில்டரை எடுத்துத் தட்டிப் போட்டால் மட்டும் போதாது. மூடியைக் கழற்றித் தண்ணீரைப் பீய்ச்சி, கறுப்பாக வழிவது தெளிகிற வரை கழுவ வேண்டும். வேலுசாமியைக் கூப்பிடுங்கள், சுத்தமாகச் செய்வார். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், அவருக்கு இப்போது என்மேல் மனத்தாங்கல் இருக்கும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மடிப்புப் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஆபரேஷனுக்குப் போகிற துணியைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மடிப்பார்கள். வெட்டின ஓரம் நான்கும் உள்ளே போய்விட வேண்டும், ஓர் இழைகூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் நூல் தங்கிவிடும். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அந்தக் கூடம் முழுக்க ஏசி. பஞ்சு பறக்கிற ஊர் என்பதால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மெக்கானிக் வேலுசாமி வந்தால், எந்த ஏசிக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஏணியைப் போடுவார். என் மூக்கு அப்படி. ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கூடமே சிரிக்கும்.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் கோதைநாயகி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமான பிறகு அப்பா விட்டுப்போன வீட்டுக்கு என்னோடு இருக்க வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசி வரை பார்த்துக்கொண்டதில் அந்த வயது போய்விட்டது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பார்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த வேலைதான்.

அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு இளைப்பு உண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பால்கோவா அடுப்பு, காலையிலிருந்து விறகுப் புகை. அதனால் அவள் அறை ஜன்னலை அடைத்தே வைப்போம். அவள் மகன் அச்சுத் சென்னையில் இருக்கிறான், அவன்தான் அம்மாவுக்காக ஏசி வாங்கி மாட்டிவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. என்னைச் சித்தி என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

பங்குனியில் ஒருநாள் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, அச்சுத் கூப்பிடுகிறான், சித்திரையில் சென்னைக்குப் போய் அவனோடேயே இருந்துவிடப் போகிறேன் என்றாள். நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“உனக்கென்னட்டி. நீ தனியா இருந்து பழகுனவதான” என்றாள்.

அவள் மனசில் எந்தக் கெடுதலும் வைத்துச் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தனியாக இருந்து யாரும் பழகுவதில்லை, மேடம். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பயம் வந்தது.

அந்த வாரம்தான் ஏசியில் வாடை ஆரம்பித்தது. நான் கவனித்தேன். காற்று குறைந்ததைக் கவனித்தேன், அக்கா வழக்கத்தைவிடக் குறைத்து வைக்கத் தொடங்கியதைக் கவனித்தேன். நாளைக்கு வேலுசாமியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் கம்பெனியில் வேலை அதிகம், சொல்லவில்லை. அதற்கு மறுநாள் வேலை அதிகமில்லை, அன்றும் சொல்லவில்லை.

அக்காவுக்கு இருமல் வந்தது. பயணத்தைத் தள்ளிப்போட்டாள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். முதுகு தடவிவிட்டேன், வெந்நீர் வைத்தேன், கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி ஊட்டினேன். ஊருக்கே அதிகாரம் பண்ணினவள், பூனைக்குட்டி மாதிரி என் மடியில் கிடந்தாள். “நீ இல்லாட்டி நான் என்னட்டி செய்வேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அம்புட்டு சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மருந்தில் குணமாகிவிட்டது. குணமானதும் அக்கா மறுபடி டிக்கெட் போடச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நான் ஃபில்டரைக் கழற்றி என் பீரோவில் வைத்தேன். ஃபில்டர் இல்லாமல் ஓடினால் தூசி நேராக உள்ளே போய் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்வைக்கு அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று, கம்பெனித் துணி ஒன்றைப் பட்டைக்குமேல் திரைமாதிரி கட்டிவிட்டேன். எங்கள் பக்கம் இது புதுசு இல்லை. பால் வடிகட்டுவதும் அந்தத் துணிதான், தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியைக் கட்டிவிட்டால் எதுவும் சுத்தம் என்று ஊரே நம்புகிறது. நான் அதைத் தினமும் மாற்றினேன். வீடியோவில் பார்த்த அச்சுத், சூப்பர் ஐடியா சித்தி என்றான். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பளிச்சென்று இருந்தது, மேடம். அதற்குப் பின்னால் இருந்ததைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அக்கா கெட்டிக்காரி. இருமல் திரும்பி வந்து இரண்டாவது டிக்கெட்டும் வீணான பிறகு, ஒருநாள் நடுவீட்டில் பாயை விரித்துப் படுத்தாள். இரண்டு மூன்று நாளில் இருமல் நின்றது, மூன்றாவது தடவையாக டிக்கெட் போட்டாள்.

“ஏட்டி நாராயணி, அந்த ரூம்ல படுத்தாத்தான் மூச்சு முட்டுது. இங்க ஒண்ணும் செய்யல. அந்த மெக்கானிக்க வரச்சொல்லி ஏசியக் கழுவச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். கோடைக்காலம், அவருக்கு ஏகப்பட்ட வேலை, பொறவு வாரேன் என்கிறார் என்றேன். உண்மையில் வேலுசாமியே கம்பெனியில் என்னைப் பார்த்து, வீட்டு ஏசிக்கு வரட்டுமா என்று கேட்டார். அக்கா சென்னைக்குப் போய்விட்டாள், ஏசி சும்மாதான் கிடக்கிறது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். எப்படியும் போகப்போகிறவள்தானே, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளை மறுபடி அறைக்குள் கொண்டுவருவது பெரிய காரியமாக இல்லை. பின்கதவைத் திறந்து வைத்தேன். பால்கோவா அடுப்புப் புகை நேராக நடுவீட்டுக்கு வந்தது. அக்கா தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

பின்சுவரில் தண்ணீர் வெளியேறுகிற டிரெயின் பைப் இருக்கிறது. அதில் ஒரு துணியை வைத்தேன். முழுக்க அடைக்கவில்லை. முழுக்க அடைத்தால் உள்ளே வழிந்து அக்காவின் மெத்தை நனையும், பாவம். துணி வழியாகத் தண்ணீர் கசியும், ஆனால் உள்ளே இருக்கிற தட்டு காயவே காயாது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் என்ன வளரும் என்பது கம்பெனியில் கழுவும்போது வழிகிற தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியிருந்தது ஓர் இருமல், அவ்வளவுதான். ஊருக்குப் போக முடியாத அளவுக்கு ஓர் இருமல். அளவு தப்பிவிட்டது. பாயசத்தில் சர்க்கரை கூடிவிடுவதில்லையா, அந்த மாதிரி.

ஆனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது என்றார்கள். வீட்டில் புறா வளர்க்கிறீர்களா, சுவரில் ஈரம் இருக்கிறதா, ஏசி சுத்தமாக இருக்கிறதா என்று பெரிய டாக்டர் கேட்டார். அச்சுத் என்னைப் பார்த்தான். தினமும் துணி மாற்றுகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் வைத்தியம் மாறியிருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அக்கா ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கை அச்சுத்திடம் இருந்தது. அவள் என் கையை விடட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் விடவில்லை.

ஆடிப்பூரத் தேரை அவள் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரமே போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்காக அச்சுத் தங்கியிருந்தான். அம்மாவின் அறையிலேயே படுக்கிறேன் என்றான். சென்னைப் பிள்ளை, ஏசியை ஒரேயடியாகக் குறைத்து வைத்துவிட்டான். துணி கசிகிற வேகத்துக்குமேல் தண்ணீர் சேர்ந்து, உள்ளே வழிந்து, அவன் மெத்தை நனைந்தது. என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். மரியாதைக்காகக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஏசியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அவனே வேலுசாமிக்குப் போன் போட்டுவிட்டான்.

வேலுசாமி வந்ததும் மாலை போட்ட படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “அக்கா சென்னைக்குப் போயிட்டாகன்னு சொன்னீகளே” என்றார். அச்சுத் என் முகத்தைப் பார்த்தான். பிறகு முன்துணியை அவிழ்த்தார்கள், மூடியைக் கழற்றினார்கள். நான் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். பைப்பிலிருந்து துணி வந்தபோது எலி இழுத்துப் போட்டிருக்கும் என்று வேலுசாமிதான் சொன்னார். நல்ல மனுஷன், எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார். நானும் ஆமாம், எலித் தொல்லை என்றேன்.

அச்சுத் அதை ஒரு கவரில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டான். அப்போதும் எனக்குக் கவலையில்லை. ஒரு கறுத்த ஈரத்துணியைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள். உங்கள் கான்ஸ்டபிள் முத்துப்பேச்சி சேத்தூர்க்காரி என்றோ, போலீஸ் வேலை கிடைக்கும் முன்னால் இராஜபாளையத்தில் மடிப்பு வேலை பார்த்தவள் என்றோ எனக்கு எப்படித் தெரியும். இந்த மேஜைமேல் வைத்து அதை மெதுவாகப் பிரித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழகின விரல்.

“எலி ஓரத்த உள்ள மடிக்காது மேடம்” என்றாள். “நாலு ஓரமும் உள்ளதான் இருக்கு. ஒரு பிசிறு இல்ல.”

நான் யோசித்துச் செய்யவில்லை. தண்ணீர் வழிகிற பைப்பில் வைக்கிற துணிதானே, கசக்கித் திணித்திருந்தால் போதும். கை கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஓரம் மடிக்காத துணி ஒன்றுகூட என் கையிலிருந்து போனதில்லை. பிசிறு இல்லை என்று அவள் சொன்னபோது, இருக்கிற நிலைமையில் இப்படிச் சொல்வது தப்புதான், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். ஃபில்டரை எடுத்தது நான், பைப்பை அடைத்தது நான், மெக்கானிக்கை வரவிடாமல் செய்தது நான், டாக்டரிடம் மறைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள். அக்கா என்மேல் வைத்திருந்த பாசத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று தடவை டிக்கெட் போட்டாள், மூன்று தடவையும் போகவில்லை. என்னை விட்டுவிட்டுப் போக அவளுக்குக் கடைசி வரை மனம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று கேட்டீர்கள். அக்காதான் போய்விட்டாளே, அதற்கப்புறமும் அந்தத் துணியை ஏன் பைப்பிலேயே விட்டுவைத்திருந்தாய் என்று. மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் இவ்வளவு சொன்ன பிறகு இதில் மட்டும் பொய் எதற்கு.

பதினாறாம் நாள் முடிந்ததும் கிளம்பிவிடுகிறேன் சித்தி என்று அச்சுத் சொன்னான். அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. நல்ல பிள்ளை, அவன் அம்மா மாதிரியே. இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான்.