எனெலெசியின் கையில் குச்சி வைக்கச் சொன்னது யார் என்பது பற்றி

என் பெயர் பிசிவெக்கி, தகப்பன் பெயர் கடம்மாஞ்சா. வயது அறுபத்திரண்டு. டெட்சா மாவட்டம், சிம்பீரி கிராமத்தில் குடியிருந்துகொண்டு உருளைக்கிழங்கு பயிர் செய்து வருகிறேன். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித் தர அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. இறந்துபோன எனெலெசி என் உடன்பிறந்த தங்கை மகள். அவள் கல்யாணத்துக்கு நான்தான் அங்கோஸ்வே. இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரி வடக்குப் பக்கத்துக்காரர் என்பதால் சொல்கிறேன்: தாய்மாமன் என்கிற முறையில் பெண்ணுக்காகப் பேசுகிறவன் அங்கோஸ்வே. மாப்பிள்ளைக்கும் அதுபோல ஒருவர் உண்டு. புருஷன் பெண்டாட்டி சங்கதி எதுவானாலும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்தால்தான் முடிந்தது. எங்கள் குடும்பத்தில் என் வாயிலிருந்து சொல் வராமல் கோழிகூட அடைகாக்காது.

எனெலெசியின் புருஷன் செக்கெரானி சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் ஊருக்கு வந்து குடியிருக்க வேண்டும். அவன் கேட்டுக்கொண்டதன் பேரில், நான் பெரிய மனது பண்ணி, லின்தீப்பெ ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள அவன் ஊருக்கே அவளை அனுப்பி வைத்தேன். அவன் பக்கத்து அங்கோஸ்வே, அவனுடைய தாய்மாமன் ஜைலோசி.

சென்ற மழைக்காலத்தில் எனெலெசிக்கு மூன்றாவது குழந்தை, பெண், வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டது. தையல் போட்ட இடம் மெலிந்திருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் இன்னொன்று உண்டானால் வயிறு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். குழந்தை பிறந்த பின் இரண்டு பக்கத்து அங்கோஸ்வேயும் கூடி, குழந்தையைக் கையில் வாங்கி, அனுமதி சொல்லுகிற வரையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பாயில் படுப்பதில்லை. அந்த நாள் நெருங்கி வந்தபோது எனெலெசி குழந்தைக்கு எடை பார்க்கப் போவதாகச் சொல்லி, என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். நானும் போனேன்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் தமண்டானி கர்ப்பம் தள்ளிப்போடுகிற சாதனங்கள் எல்லாவற்றையும் என் முன்னால் தட்டில் பரப்பி வைத்தார். டாக்டரும் வந்து என் அபிப்பிராயத்தைக் கேட்டார். தினம் விழுங்குகிற மாத்திரை வேண்டாம், வீட்டில் கண்ணில் படும் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி வேண்டாம், மழையில் ஆறு நிரம்பிப் பாலம் முங்கினால் அவள் வந்து சேர முடியாது என்றேன். கருப்பைக்குள் வைக்கிற வளையத்துக்கு அவள் பயப்படுகிறாள் என்றேன். கைக்குள் தோலுக்கடியில் வைக்கிற இரண்டு குச்சிதான் சரி, ஐந்து வருஷம் நிற்கும், பாலூட்டவும் தடையில்லை என்று நானே முடிவு சொன்னேன். டாக்டர் தலையாட்டினார்.

அதன் பிறகு நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். ஆற்றுப் பாலத்தில் எனெலெசி சட்டைக் கையை மடித்து, கட்டுக்கு மேலே என் விரலை வைத்துக் காட்டினாள். குச்சி இரண்டும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், சிட்டுக்குருவியின் கால் போல இருந்தது. அப்போது அவள் சொன்னது:

"அவருக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு. உங்களுக்கு மட்டும் சொல்றேன் மாமா. அந்த நர்ஸம்மாகிட்ட, வாயை அடைக்கிற ஊசி ஏதாவது இருக்கா, எங்க மாமாவுக்கு ஒண்ணு வேணும்னு கேட்டேன். இல்லைன்னுட்டாங்க."

நான் சிரித்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு குழந்தையை வாங்குகிற நாளில் ஜைலோசி வீட்டு முற்றத்தில் கூடினோம். சோளக்கூழும் பீன்ஸும் கொடுத்தார்கள். செக்கெரானி கூழ் ஊற்றிக்கொண்டிருந்தான். ஜைலோசி எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்து, "என்ன அங்கோஸ்வே, கத்தி பட்ட வயித்தைக் கொடுத்து எங்க பையன் தலையில கட்டிட்டீரே. இனி அந்த வயித்துல என்ன விளையும்? உம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை மகள் அடுப்பு வாசலில் குழந்தையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அதிகாரி அப்படியே சொல்லக் கேட்டதால் அப்படியே சொல்கிறேன்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லைடா ஜைலோசி. நான்தான் அதுக்கு ஓய்வு கொடுத்து வச்சிருக்கேன். அவ கையில ரெண்டு குச்சி இருக்கு, சர்க்கார் மருந்து. வைக்கச் சொன்னவன் நான். எடுக்கச் சொல்லப் போறவனும் நான். அப்புறம் பாரு, வரிசையா நாலு பையன்."

கூட்டம் வாய் பிளந்தது. செக்கெரானி மட்டும் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எனெலெசியின் கையைப் பார்த்தான். எனெலெசி என்னைப் பார்த்தாள். அதன் பிறகு நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. எனெலெசியின் பக்கத்து வீட்டு ஃபலேசி சொல்லித் தெரிந்துகொண்டேன். செக்கெரானி தலைமழிக்கிற பிளேடை எடுத்து வந்தான். ஜைலோசி எடுக்கலாம் என்று சொல் கொடுத்தான். எனெலெசி, "என் மாமாவைக் கூப்பிடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு ஜைலோசி, "உன் மாமா நேத்தே சொல்லிட்டாரே. வைச்சது அங்கோஸ்வே சொல்லு, எடுக்கறதும் அங்கோஸ்வே சொல்லு" என்றிருக்கிறான். ஒரு குச்சி வந்தது. மற்றது உள்ளேயே முறிந்துபோயிற்று.

கை முழங்கை வரை வீங்கிக் காய்ச்சல் கண்ட பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. நான் சைக்கிளை எடுத்து மலையிலிருந்து காற்றாக இறங்கி, எனெலெசியை முதுகில் போட்டுக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்து, சுகாதார நிலையத்தில் சேர்த்தேன். அங்கிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துபோனாள்.

மேற்கண்டதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொல்லின் பேரில்தான் குச்சியை எடுத்ததாகச் செக்கெரானியும் ஜைலோசியும் வாக்குமூலம் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் சொன்ன சிலவற்றை அடிக்கச் சொன்னேன். சொன்னதை அடிக்க முடியாது, கீழே எழுதலாம் என்றார். ஆகவே எழுதச் சொல்கிறேன்.

ஆற்றை நான் நீந்தவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. சைக்கிளும் கிடையாது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் ஃபலேசியும் இன்னும் சில பெண்களும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டியபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

எடை பார்க்கப் போன அன்று சுகாதார நிலையத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் அன்று வரவே இல்லை. நான் வெளியே மாமரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை, ஊசி, ஆறு பற்றி நான் சொன்னதாக மேலே இருப்பதெல்லாம் அவள் பாலத்தில் என்னிடம் சொன்னது. அவளாகவே யோசித்து வைத்திருந்தாள். என் அனுமதியை அவள் கேட்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும்தான் கேட்டாள்.

ஆகவே வைக்கச் சொன்னது நான் இல்லை. அது எனெலெசியின் சொல். எடுக்கச் சொல்லும் உரிமை செக்கெரானிக்கும் இல்லை, ஜைலோசிக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

குழந்தை இப்போது என் வீட்டில் இருக்கிறது. புட்டிப்பால் குடிக்கிறது. அவளுக்கு இனி நான்தான் அங்கோஸ்வே.

திருத்தியதையும் படிக்கக் கேட்டேன். திருத்திய பின் நிற்பது நடந்தது மட்டுமே. நான் கூட்டிச் சொன்னது இதில் இனி ஒன்றும் இல்லை. கைநாட்டு வைக்கலாம் என்று அதிகாரி மையை எடுத்தார். நான்காம் வகுப்பு படித்ததாகச் சொன்னது பொய் இல்லை, எனக்கு எழுதத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) பிசிவெக்கி கடம்மாஞ்சா