லேம்பு மேல போட்ட பழி

பாருங்க தம்பி, நீங்களே பாருங்க! ஒரே இருட்டு! இதுக்குப் பேரு மைக்ராஸ்கோப்பா? லேம்ப மாத்துங்க, மாத்துங்கன்னு நாலு மாசமாக் கத்துறேன்... எவன் காதுல விழுது? ரிப்பேர் பாக்க நீங்க வர்றதுக்கே ரெண்டு நாள். வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு உக்காந்திருக்காளே, பாத்தீங்களா? பஸ் ஓட்டுறவ. கண்ணு, உடம்பு எல்லாம் மஞ்சளாப் போச்சு. ஈரல் கெட்டுருச்சுன்னதும், ‘குடிச்சுட்டு ஓட்டுறியா’ன்னு வேலைய நிறுத்தி வச்சுட்டாங்க. சாராய வாசனை கூடப் பிடிக்காதாம் அவளுக்கு!

டாக்டருக்கு வேற சந்தேகம். உடம்பே தன்னோட ஈரல எதிரின்னு நெனச்சு அடிக்குதோன்னு. எங்க நாத்தனாருக்கு நான் எதிரியான மாதிரி... சரி, அத விடுங்க. அப்படி அடிக்கிற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு நான் பாத்துச் சொல்லணும். எலியோட ஈரல், கிட்னி, இரைப்பை மூணையும் மெல்லிசாச் சீவி ஸ்லைடுல ஒட்டியிருக்கும். அதுமேல நோயாளி ரத்தத்துலேர்ந்து பிரிச்ச சீரம் ஒரு சொட்டு. ஆன்டிபாடி இருந்தா ஒட்டிக்கும். இதுல பாத்தா பச்சையா மின்னும். ஒன்னும் மின்னல! கண்டிப்பா மின்னியே ஆகணும்னு தெரிஞ்ச சீரம் ஒன்னையும் பக்கத்துல வப்போம். அதுவும் இருட்டு. அப்ப லேம்புதானே?

என்ன வைக்கிறீங்க? உங்க ஸ்லைடா? ...அட. பளீர்னு இருக்கே. அப்ப லேம்பு நல்லாத்தான் எரியுதா?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. சீரம் விட்டேன். அரை மணி வச்சேன். கழுவினேன். அந்த நேரம் பாத்து நாத்தனார் போன்... அவ எடுத்தா லேசுல வைப்பாளா? அப்புறம் மூடி, இங்க கொண்டாந்து...

ஐயையோ. சாயம்! ஒட்டினதப் பச்சையாக் காட்டுறதே அந்தச் சாயம்தானே... அதப் போடவே இல்லியே!

சிரிக்காதீங்க. பக்கத்துல அந்த இன்னொரு சீரம் இல்லாமப் போயிருந்தா, ‘ஒன்னுமில்ல’ன்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தப் பொண்ணு கதி? இருங்க, முதல்லேர்ந்து போடறேன். ஒன்றரை மணி நேரம். நீங்க லென்ஸயாவது தொடைங்க.

*

வாங்க, வாங்க! இரைப்பைத் தசை பூராப் பச்சை... ரத்தக்குழாய்ச் சுவரெல்லாம் மின்னுது பாருங்க! அவ சீரம்தான். டாக்டர் நெனச்சது சரி. இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சுருவாரு. குடியால வந்ததில்லன்னு வேலைக்கும் கடுதாசி குடுப்பாரு.

தம்பி... ஒரு உதவி. உங்க ரிப்போர்ட்ல லேம்பு கொஞ்சம் மக்கர்னு எழுதிருங்களேன். ரெண்டு நாளா மெஷின் பழுதுன்னே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்... என்ன, எழுத மாட்டீங்களா?

சரி, வேணாம். நானே போய் உண்மையச் சொல்லிடறேன். திட்டுவாளோ? பஸ் ஓட்டுறவ, குரல் பெரிசா இருக்கும்... நீங்க கூட வாங்களேன், துணைக்கு. தம்பி? ...தம்பி!

பெட்டியத் தூக்கிட்டுப் போயேபோயிட்டாரா!