தோப்புல நின்ன டாங்கி

இன்னும் எத்தனை தடவைதான் கேப்பீங்க மேடம்? எங்கப்பா அனாத்தோல் பொய் சொல்லல. அவ்ளோதான். தொல்லியல் ஆராய்ச்சின்னு வந்தீங்க, மூணு வாரமா என் ஆப்பிள் தோப்பைச் சல்லடையாச் சலிச்சாச்சு, ஒரு ஆணி விடாம அளந்தாச்சு. சுட்ட இடத்துலதான் குண்டு உறை விழும்னு நீங்கதானே சொன்னீங்க? உறை தோப்புலதானே கிடைச்சுது? அப்புறம் என்ன?

உக்காருங்க. சைடர் ஊத்தவா, நம்ம தோப்பு ஆப்பிள்ல எடுத்த மதுதான்? வேணாம்னா விடுங்க.

ரெண்டாம் உலகப் போர்ல எங்க ஊர்ல நடந்த சண்டையப் பத்தின அந்தப் புத்தகத்தை நானும் படிச்சிருக்கேன். பிரிட்டிஷ் படை காத்தாலை மேட்டுல இருந்து சுட்டு மூணு ஜெர்மன் டாங்கியையும் எரிச்சுதாம். மெடல் வேற. எங்கப்பாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு. நிலவறைச் சன்னல் வழியாப் பாத்தவரு. சுட்டது ஒத்தப் போலந்து டாங்கி, இந்தத் தோப்புல நின்னுதான்னாரு. அது அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு ஊர் தள்ளி எரிஞ்சுபோச்சு. உள்ள இருந்தவங்க யாரும் மிஞ்சல. சாட்சின்னா எங்கப்பா ஒருத்தருதான்.

ஊரு விடுதலையான நாப்பதாவது வருஷ விழால எழுந்து இதச் சொன்னாரு. வாத்தியாரு ரெவெர்டி மைக்க வாங்கி, நிலவறையில நீ சைடர் பீப்பா பக்கத்துலதானே இருந்த அனாத்தோல்னாரு. ஊரே சிரிச்சுது. எங்கம்மாவும்தான். அதுக்கப்புறம் அப்பா அதப்பத்தி வாயே தொறக்கல. மூணே வருஷம், போய்ச் சேந்துட்டாரு.

என்னது? உறைங்க ஒரே ஆழத்துல, அடுக்கி வெச்ச மாதிரி கிடந்துச்சா?

ம்... கெட்டிக்காரிதான் நீங்க.

சரி, நான்தான் புதைச்சேன். விழா முடிஞ்ச அந்த வாரம். அந்தக் காத்தாலை மேட்டு நிலத்துல ஏர் ஓட்டுறப்ப கிடைச்ச பித்தளை உறைங்க கொட்டகையில கிடந்துச்சு. என்னைக்காவது எவனாவது தோண்டுவான், அப்பா பேரு நிக்கும்னு நெனச்சேன். எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன்.

ஆனா இதையும் எழுதணும். நான் புதைச்சது நாலு. நீங்க பையில போட்டு வெச்சிருக்கிறது அஞ்சு. மரத்து வேருக்கு அடியில, ரெண்டடி ஆழத்துல, தனியாக் கிடந்துச்சே, அது என்னுது இல்ல மேடம். அது நிசமாவே இங்க விழுந்தது.

இந்த நாலும் சேந்து அதையும் கெடுத்துடுச்சு. இனிமே அத யாரு நம்புவா?