இடது பக்க மவுண்ட்

— அத்தை, நான் கேட்டது இன்ஜின் மவுண்ட். நீங்க கொண்டு வந்திருக்கறது என்ன, விளையாட்டு பொம்மையா?

— மவுண்ட்தான் மாப்பிள்ளை. நல்லா பாருங்க.

— இன்ஜினை வண்டிச் சட்டத்தோட பிடிச்சு வைக்கற இரும்பு கறுப்பா, எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கும். இது செவசெவன்னு மினுக்குது.

— நெயில் பாலிஷ். ரெண்டு கோட்டு. உங்க பொண்டாட்டியோடதுதான். தேடினா நான் எடுத்தேன்னு சொல்லிடாதீங்க.

— எடை குறைக்கணும்னு சொல்லிட்டு, மேல பூசிக் கொண்டு வந்திருக்கீங்களே.

— அவசரப்படாதீங்க. பாத்திரம் தேய்க்கறப்ப கவனிச்சிருக்கீங்களா? நீங்க எங்க தேய்ச்சீங்க. எந்த விரல் அழுத்தி வேலை செய்யுதோ, அதுலதான் பாலிஷ் முதல்ல வெடிக்கும். சுண்டு விரல்ல மட்டும் வச்சது வச்ச மாதிரி அப்படியே இருக்கும்.

— அதனால?

— அதனால சுண்டு விரல் சும்மா இருக்குன்னு அர்த்தம். இந்த இரும்புலயும் சுண்டு விரல் எங்க இருக்குன்னு பாருங்க. அங்க ஓட்டை போடுங்க.

— யோசனை என்னமோ நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. போன வருஷம் உங்க கார் கதவுக் கண்ணாடிய எடுத்தேன், சீட்டை மாத்தினேன், ஸ்டெப்னிய இறக்கினேன். மலையேத்தப் போட்டியில எங்கம்மாவ மயிரிழையில ஜெயிச்சீங்க. அன்னையிலேருந்து சம்பந்தி ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசறதில்ல. நடுவுல நான் கெடந்து முழிக்கறேன். இன்னும் எடைய குறைக்கணுமா?

— சம்பந்தின்னா மலையில வழி விடணுமா?

— இப்ப அந்தப் பிரச்சினையே இல்லையே. அம்மா இந்த வருஷம் வரல. வயசாயிடுச்சாம். வண்டிய வித்துடப் போறாங்க. இன்னைக்குக்கூட யாரோ பாக்க வர்றாங்களாம்.

— வரட்டும். நல்லா பாக்கட்டும்.

— ரெண்டும் அதே மாடல், அதே வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். உங்களுக்கு ஈடு குடுக்கற வண்டி அது ஒண்ணுதான். அது வரலேன்னா, நீங்க பாட்டு கேட்டுக்கிட்டே மலை ஏறினாலும் முதல் இடம் உங்களுக்குத்தான்.

— மாப்பிள்ளை, நீங்க வாயால வேலை செய்யறவரா, கையால செய்யறவரா?

— இல்ல, எடைதான் குறைக்கணும்னா, ஓட்டறவங்ககூட கொஞ்சம்...

— முழுசா சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல. தள்ளி நில்லுங்க, இதை வைஸ்ல இறுக்கி மாட்டணும்.

— மாட்டுங்க.

— மேல சங்கிலி போட்டாச்சு. அடியில ஜாக். ஜாக்கை ஏத்த ஏத்த, வளைவுல இன்ஜின் இழுக்கற மாதிரியே இதையும் இழுக்கும். நீங்க காதைத் தீட்டிக்கிட்டு கேளுங்க.

— பட்டுனு ஒண்ணு கேட்டுச்சு.

— எங்க வெடிச்சிருக்கு?

— போல்ட் ஓட்டையச் சுத்தி, தலைமுடி மாதிரி கீறல். தகடு மடிஞ்சு திரும்பற மூலையில பாருங்க, எங்க வீட்டு பாத்ரூம் சுவரு தோத்துச்சு.

— அங்கதான் இது உயிரைக் குடுத்து உழைக்குது. அதைத் தொடவே கூடாது. நடுவுல?

— நடுவுல ஒரு கீறலும் இல்ல. பூசினது பூசின மாதிரியே இருக்கு.

— என் சகலை மாதிரி.

— பெரிய மாப்பிள்ளைய எதுக்கு இழுக்கறீங்க? அவரு தங்கமான மனுஷன்.

— தங்கம்தான். அதனாலதான் வெளிய எடுக்காம வீட்டுலயே வச்சிருக்கீங்க.

— எனக்கு சிரிப்பு வருது, ஆனா சிரிக்க மாட்டேன். ஓட்டையப் போடுங்க.

— வட்டமாத்தான் போடணும். மூலை வச்சு வெட்டினா அங்கேருந்து கிழிய ஆரம்பிக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு நெருங்காம மூணு போடறேன்.

— பலம் குறையக் கூடாது மாப்பிள்ளை. ஒரு இழைகூட குறையக் கூடாது.

— உங்களுக்கு எப்பலேருந்து இந்த பயம்? போன வருஷம், பிரேக்கே வெட்டி எடைதான்னு சொன்னவங்க நீங்க.

— அது என் உயிரு, என் இஷ்டம்.

— இப்ப மட்டும் யாரு உயிராம்?

— பேச்சை விடுங்க. ஓட்டை போட்டதும் தகடு தொளதொளன்னு ஆயிடாதா?

— ஆகாது. ஓட்டையோட விளிம்பை உள்பக்கமா மடிச்சு விடுவேன். தம்ளரோட வாய் மடிச்சிருக்குல்ல, எதுக்கு? அந்த மடிப்பு இல்லேன்னா, கையில பிடிச்சாலே நசுங்கும். இதுவும் அப்படித்தான். இரும்பு குறையும், விறைப்பு நிக்கும்.

— மலை உச்சிக்கு முன்னாடி ஒரு வளைவு இருக்கு. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது. அங்க முழு வேகத்துல திரும்பறப்ப...

— அத்தை, எங்கம்மா வண்டின்னா எப்படி செய்வேனோ, அப்படித்தான் இதையும் செய்யறேன். போதுமா?

— போதும். அப்படியே செய்யுங்க. தாராளமா செய்யுங்க.

— காதைப் பொத்திக்கோங்க. மெஷினைப் போடறேன்.

— ...முடிஞ்சுதா? எனக்கு இன்னும் தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

— முடிஞ்சுது. கையில வாங்கிப் பாருங்க.

— அட. காலையில தூக்கினப்ப மணிக்கட்டை இழுத்துச்சு. இப்ப காய் இறக்கின பை மாதிரி இருக்கே.

— சந்தோஷப்பட இன்னும் நேரம் இருக்கு. பாட்டில்ல மிச்சம் இருந்தா மறுபடி பூசுங்க. ஃபேனுக்கு அடியில காயட்டும். முன்ன ஏத்தினதுக்கு மேலயே ஏத்திப் பாத்துடலாம்.

— அதுக்குத்தான் இன்னொரு பாட்டிலும் எடுத்துட்டு வந்தேன். இது ரோஸ் கலரு.

— உங்க பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா.

— என் பொண்ணுதானே, நான் பேசிக்கறேன். ...காஞ்சிடுச்சு, தொட்டுப் பாருங்க.

— ஏத்தறேன். கேளுங்க. இப்ப?

— போல்ட்டைச் சுத்தி முன்ன வந்த அதே கீறல்தான்.

— மூணு ஓட்டையச் சுத்தி?

— ஒண்ணுமே இல்ல மாப்பிள்ளை. சமத்தா இருக்கு.

— அப்ப இனிமே இதை நம்பி எந்த மலையும் ஏறலாம்.

— உங்க ஃபோன் அடிக்குது. உங்கம்மா.

— ஐயோ. கையெல்லாம் எண்ணெய். நீங்களே பச்சைய அமுக்கி, ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வைங்க. ஆனா மூச்சு விடாதீங்க. நீங்க இங்க இருக்கறது தெரிஞ்சா எனக்கு ரெண்டு வீட்டுலயும் சோறு கிடைக்காது.

— டேய், என்னடா பண்ணிட்டு இருக்கே?

— பட்டறையில இருக்கேம்மா. சும்மா ஒரு சின்ன வேலை. வண்டி பாக்க ஆள் வந்தாரா?

— வந்தாரு. அவரு முன்னாடி ஜம்பமா ஸ்டார்ட் பண்ணேன். இன்ஜின் ஒரு பக்கமா சாஞ்சு நின்னு கிடுகிடுன்னு ஆடுதுடா. அவரு செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடிட்டாரு.

— என்னம்மா ஆச்சு?

— குனிஞ்சு பாத்தா இடது பக்க மவுண்ட்டையே காணோம். நேத்து நான் கடைக்குப் போன நேரம் பாத்து யாரோ கழட்டியிருக்காங்க.

— மவுண்ட்டையா? அதை யாரும்மா திருடுவா?

— ரொம்ப மரியாதையான திருட்டுடா. இன்ஜின் இறங்கிடக் கூடாதுன்னு மரக்கட்டையில முட்டுக் குடுத்திருக்கு. ஆயில் சட்டியில கீறல் விழக் கூடாதுன்னு கட்டைக்கு மேல துண்டை நாலா மடிச்சு வச்சிருக்கு. போல்ட்டெல்லாம் தொலையாம கிண்ணத்துல இருக்கு.

— ...அத்தை.

— என்ன மாப்பிள்ளை?

— இது உங்க வண்டி மவுண்ட்தானே?

— அப்படின்னு நான் எப்ப சொன்னேன்?

— முதல்ல அந்த ஃபோனை நிறுத்துங்க. அம்மாவுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். நான் என் மாப்பிள்ளைகிட்ட பேசறேன், யாரு கேட்டா எனக்கென்ன? போன வருஷம் ஜெயிச்சேன்னு ஆளாளுக்கு கை குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் மனசுல ஒட்டல. நீங்க என் வண்டிய மட்டும் செதுக்கினீங்க. உங்கம்மா வண்டியில ஒரு ஆணியக்கூட இறக்கல.

— நீங்கதானே யாருக்கும் சொல்லாம செய்யச் சொன்னீங்க?

— சொன்னேன். அதுக்காக அவங்க வயசாயிடுச்சுன்னு மூலையில போய் உக்காருவாங்கன்னு கண்டேனா? எனக்கும் அதே வயசுதான். அவங்க வராத மலையில நான் முதல்ல ஏறி நின்னு, யாரைப் பாத்து சிரிக்கறது?

— அம்மா... லைன்ல இருக்கியா?

— இருக்கேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. நான் உன் மாமியார்கிட்ட பேச மாட்டேன். நீயே சொல்லிடு.

— என்னன்னு சொல்ல?

— வலது பக்க மவுண்ட்டையும் நானே கழட்டி வச்சிருக்கேன், இருட்டறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு.