ஆறும் பனி

எங்கள் விளையாட்டில் பனி வகைப் பூதங்கள் பலவீனமானவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. நெருப்புப் பட்டால் உருகும், பாறை விழுந்தால் நொறுங்கும், இரும்பு தொட்டால் விரிசல் விடும். எல்லாம் சரிதான். ஆனால் ஓர் அணியில் ஆறும் பனியாகவே இருந்தால், எதிராளி எதைக் கொண்டுவருவான் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நெருப்பைத்தான் கொண்டுவருவான். அந்த ஓர் அடிக்கு மட்டும் தயாராக இருந்தால் போதும்.

ஷாகுல் அண்ணே, நீங்கள் கேட்டது இதைப் பற்றி அல்ல என்று தெரியும். போன சனிக்கிழமை சிராங்கூன் சாலையில் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்தீர்கள். உங்கள் அத்தாவின் பழைய போனை மேசைமேல் வைத்தீர்கள். ஏழு மாதமாக அலமாரியில் கிடந்ததை, படங்களை எடுக்கலாம் என்று இப்போதுதான் சார்ஜ் போட்டதாகச் சொன்னீர்கள்.

"அத்தா அன்னைக்கி பதுருவ மூணு தடவ கூப்பிட்டிருக்காரு யாமினி. மொத கால்ல ஒரு நிமிஷம் பன்னெண்டு செகண்ட் பேசியிருக்காரு. யாருமே கூப்பிடலன்னு பதுரு சொல்றா. அவ போன் உங்கிட்டதான இருந்துச்சு?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் போனை எடுத்துக்கொண்டு புக்கிட் பாத்தோக்குக்குத் திரும்பிப் போனீர்கள். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் விளையாட்டிலிருந்து தொடங்கினால்தான் நான் செய்ததற்கு ஒரு நியாயம் இருந்தது என்பது உங்களுக்குப் புரியும்.

உங்கள் தங்கை பதுருன்னிசாவும் நானும் உயர்நிலை மூன்றில் தமிழ் வகுப்பில் பழகியவர்கள். இப்போது எங்களுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த விளையாட்டை அப்போதிருந்தே ஆடுகிறோம். ஆளுக்கு ஆறு பூதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை, நான்கு தாக்குதல், கையில் ஒரு பொருள். முறைக்கு நாற்பத்தைந்து நொடி. அதற்குள் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும்.

எனக்கு அந்த நாற்பத்தைந்து நொடிதான் எமன். அணி கட்டுவதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எந்தப் பூதம் எந்த அடியை எத்தனை முறை தாங்கும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் திரையில் நொடிகள் இறங்கத் தொடங்கினால் எல்லா வழியும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியும், எதையும் அழுத்த விரல் வராது. நான்கு வருடம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே தோற்றேன். பனி அணியை வைத்துக்கொண்டு வந்தவள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெய் என்று ஒருவன், நெருப்பு அணிக்காரன், "அக்கா, சூடு தாங்காதுலா, ஏர்கான் பக்கம் உக்காருங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதுரு அப்படியல்ல. அவள் யோசிக்கவே மாட்டாள். ஐந்து நொடியில் அழுத்திவிட்டு மறுபடி ஜூஸ் குடிப்பாள். ஒருநாள் என் அணியை அவள் கையில் கொடுத்து ஆடச் சொன்னேன். அன்று பதினொரு ஆட்டம் ஆடினாள், பத்தில் ஜெயித்தாள். என் பூதங்கள் அப்படி நடமாடி நான் பார்த்ததே இல்லை. அவற்றுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். ஐஸ் கச்சாங், செண்டோல், பாண்டுங், சின்சாவ், ஐஸ் போத்தோங், மைலோ என்று எல்லாம் சாப்பாட்டுக் கடையில் ஐஸ் போட்டுத் தரும் பண்டங்கள், பானங்கள். "ஆறும் ஐஸ்னா பேரும் ஐஸா இருக்கணும்லா" என்றாள்.

அதன் பிறகு நாங்கள் ஒரே ஆள் மாதிரி ஆகிவிட்டோம். நான் கட்டினேன், அவள் ஆடினாள். ஒரு வருடம் ஞாயிறுதோறும் ஈசூனில் உங்கள் வீட்டில்தான் பயிற்சி. உங்கள் அத்தா காதர் மைதீன் அங்கிள் எங்களுக்குத் தேநீர் போட்டுத் தருவார். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவருக்கு அந்தச் சின்னத் திரையில் என்ன நடக்கிறது என்று பிடிபடவே இல்லை. "யாமினிம்மா, இதுல நம்ம ஆளு எது?" என்று கேட்பார். காட்டுவேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பார். இதயத்தில் அடைப்பு எடுத்து அப்போது எட்டு மாதம். நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே ஒன்று எப்போதும் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பதுரு சொல்வாள். எங்கே வைப்பார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிறு மத்தியானம், குவீன்ஸ்டவுனில் ஒரு மண்டபத்தில். ஜெயிப்பவர் ஆசியச் சுற்றுக்குப் போகலாம். எதிராளி ஜெய். விளையாடுபவர் மேசையில் போன் இருக்கக் கூடாது என்பது விதி. உட்காரப் போகும்போது பதுரு தன் போனை என் கையில் கொடுத்தாள்.

"அத்தா கூப்பிட்டா மட்டும் என்னைய கூப்பிடு. மேட்ச் போனாலும் பரவால்ல."

"சரி," என்றேன்.

முதல் ஆட்டத்தில் பதுரு ஜெயித்தாள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், மூன்று நாற்பத்திரண்டுக்கு, போன் அதிர்ந்தது. திரையில் 'அத்தா' என்று வந்தது.

அவர் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிடுபவர் என்று உங்களுக்கே தெரியும். டிவி ரிமோட் எங்கே, அரிசி எத்தனை டம்ளர் என்றெல்லாம் கேட்பார். அதனால்தான் எடுக்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். ஆனால் எடுத்தேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியை மறைக்க முடியாது.

"பதுரு," என்றார்.

"அங்கிள், நான் யாமினி. பதுரு மேட்ச்ல இருக்கா."

"நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும்மா. வேர்த்து ஊத்துது. அந்த ஸ்ப்ரே எங்க இருக்குன்னு அவகிட்ட கேட்டுச் சொல்றியா?"

அவர் குரல் எப்போதும்போல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

பதுரு எனக்கு இருபதடி தூரத்தில் இருந்தாள். கையைத் தூக்கியிருந்தால் பார்த்திருப்பாள். எழுந்து ஓடியிருப்பாள், ஜெய் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயித்திருப்பான். ஆம்புலன்ஸை நானே கூப்பிட்டிருக்கலாம். உங்கள் புளோக், மாடி, வீட்டு எண் எல்லாம் எனக்குத் தெரியும். அதையும் யோசித்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் முதலில் வீட்டாரைத்தான் தேடுவார்கள், மறுபடி இந்த போன்தான் அடிக்கும், அல்லது நீங்கள் மண்டபத்துக்கே கூப்பிடுவீர்கள். அப்போதும் ஆட்டம் நிற்கும். திரையில் செண்டோல் விழுந்துவிட்டது. இன்னும் மூன்று பூதம் நின்றது. அதிகம் போனால் இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் மனிதருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று அப்போது நான் உண்மையாகவே நம்பினேன்.

கேட்டதற்குப் பதில் கிடைத்தால் அவர் வைத்துவிடுவார் என்று தோன்றியது.

"ஃப்ரிட்ஜ் மேல இருக்காம் அங்கிள்," என்றேன். "எடுத்து அடிச்சிட்டு உக்காருங்க. இப்ப வந்துருவா."

"ஃப்ரிட்ஜ் மேலயா," என்றார். "சரிம்மா. அவளைத் தொந்தரவு பண்ணாத. நல்லா ஆடட்டும்."

நாற்காலியோ ஸ்டூலோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அழைப்பு முடிந்தது.

பதுரு இரண்டாவது ஆட்டத்தில் தோற்றாள். ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது தொடங்கியபோது போன் மறுபடி அதிர்ந்தது. துண்டித்தேன். ஏழு நிமிடம் கழித்து மூன்றாவது முறை. அப்போது துண்டிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் அடித்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. ஸ்ப்ரே கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். கிடைக்க வழியில்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனதுக்குள் இருக்க முடியும் அண்ணே, இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கடைசியில் அவள் பக்கம் மைலோ மட்டும் நின்றது. ஜெய்யின் பக்கம் ஒரு நெருப்பு. மைலோ கையில் நான் கொடுத்திருந்த பொருள் ஒரே ஒரு நெருப்படியைத் தாங்கும். அதற்குத்தான் ஒரு வருடம் கணக்குப் போட்டிருந்தேன். தாங்கியது. பதுரு ஐந்து நொடிகூட எடுக்கவில்லை. மண்டபமே எழுந்து நின்றது. ஜெய் வந்து முதலில் எனக்குக் கை கொடுத்தான், பிறகுதான் அவளுக்கு.

நான்கு பத்துக்கு ஆட்டம் முடிந்தது. பரிசு கொடுத்து, படம் எடுத்து முடிய நான்கு நாற்பது. அந்த அரை மணி நேரம் போனை நான் கொடுக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை, அத்தா கூப்பிட்டால் நான் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கொடுப்பதற்கு முன் கழிப்பறைக்குப் போய் மூன்று அழைப்பையும் அழித்தேன். அவளுடைய பூட்டு எண் எனக்குத் தெரியும், என்னுடையது அவளுக்குத் தெரியும்.

அவள் உடனே வீட்டுக்குக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"தூங்குறாரு போல," என்றேன்.

"ஆமாலா, இந்நேரம் அசந்துருவாரு. தேக்கால முர்தபா வாங்கிட்டுப் போவோம், அத்தாவுக்குப் புடிக்கும்."

வேண்டாம், நேராக வீட்டுக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இல்லை. அதனால் அவளோடு லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். கறி அடைத்த அந்தப் பரோட்டாவுக்காக வரிசையில் நின்றேன். அவள் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆட்டத்தின் ஒவ்வொரு முறையையும் எனக்கே திருப்பிச் சொன்னாள். ரயில் நிலையத்தில் அவளை ஈசூன் பக்கம் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். ஆறரைக்கு அவள் கூப்பிட்டபோது, அவள் அழத் தொடங்குவதற்கு முன்பே நான் செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கு முன்னால், கவிழ்ந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடந்தார். ஃப்ரிட்ஜின் மேல் இருந்த பிஸ்கட் டின்னும் பழைய செய்தித்தாளும் தரையில் இறைந்திருந்தன. ஸ்ப்ரே கட்டிலை ஒட்டிய இழுப்பறையில், அவர் படுத்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று மருத்துவர் உங்களிடம் சொன்னபோது நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஏழு மாதத்தில் பதுரு என்னிடம் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எண்ணவில்லை. "அத்தா ஏன்டி ஃப்ரிட்ஜ் மேல தேடுனாரு? அங்க நாங்க எதையுமே வச்சதில்லயே." சில நாள் தேநீர் ஆறும்வரை அதையே கேட்பாள். குழம்பிப் போயிருப்பார் என்று நான் சொல்வேன். அதைவிட அவளை அரிப்பது வேறொன்று. "என்னைய ஒரு தடவகூட கூப்பிடல பாரு. நான் வெளாட்டுதான் பெருசுன்னு இருக்கேன்னு நெனச்சிட்டாரு." அப்போது அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். நல்லா ஆடட்டும் என்றுதான் சொன்னார் என்று ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வரும்.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன், ஏன் என்று அம்மா கேட்டதற்குத் தூசி என்றேன். எங்காவது ஸ்டூல் இழுபட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. போலீசில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே உங்களோடு வருகிறேன். உங்கள் அத்தா சாவதற்கு நான்தான் காரணம். அவர் மருந்து கேட்டார், நான் பொய்யான இடத்தைச் சொன்னேன், உதவியைக் கூப்பிடவில்லை, பிறகு தடயத்தை அழித்தேன். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் பதுருவிடம் காட்டுங்கள். அவள் ஆசியச் சுற்றுக்குப் போகவில்லை. விளையாட்டை அன்றோடு விட்டுவிட்டாள். தன்னால்தான் என்று ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள், அதைச் சுமக்கும் கையால் ஒரு பொத்தானைக்கூட அழுத்த முடியாது. அத்தா மூன்று முறை கூப்பிட்டார், அவள்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று அவளுக்குத் தெரியட்டும். என்னை வெறுக்கட்டும், முகத்தில் விழிக்கவே வேண்டாம். எனக்கு எதுவும் வேண்டாம், அவளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த வருடம் விதியில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன, நெருப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள், பனிக்கு இப்படி ஒரு வருடம் இனி வராது. போட்டிக்குப் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் பெயரை நேற்றே கொடுத்துவிட்டேன்.